எண் மட்டும் அனுப்பவும்

ஐம்பது. இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் ஓர் ஊரில் ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஊருக்கு விதை உண்டு. நாற்பத்தொன்பது பெய்தால் கிடையாது. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி உழவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டமைப்பு போட்ட சட்டம் இது.

கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். காரணம் இருக்கிறது. முந்தைய வருஷம் நாலு தூறலைப் பார்த்துவிட்டு விதையை அள்ளிக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் விதைத்தார்கள். அடுத்த மழை வரவில்லை. குதிரைவாலி முளையிலேயே கருகியது. கடையில் கிடைக்கிற விதை அல்ல அது. இந்த மண்ணுக்கென்று பழகிய விதை. கையிருப்பில் பாதி மண்ணோடு போயிற்று. கூட்டமைப்பின் மேலாளர் மாதவன் அன்றைக்கு முடிவு செய்தார்: இனி வாய்வார்த்தைக்கு விதை இல்லை, மழைமானி சொன்னால்தான் விதை.

ஊருக்கு ஒரு மழைமானி நட்டார்கள். கம்பத்தில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய், எண்பது வரை கோடு போட்டது. தினமும் காலை எட்டரைக்கு அதைப் பார்த்து அளவை போனில் மெசேஜ் போட ஊருக்கு ஓர் ஆள். வருகிற மெசேஜ்களை வாங்கிக் கூட்டி, எந்த ஊர் ஐம்பதைத் தாண்டியது என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அதை எழுதியவர் அருப்புக்கோட்டை ஷர்மிளா பானு. இது அவருடைய கதை.

ஷர்மிளாவின் அப்பா ஜமால் மைதீனுக்கு பஜாரில் ஜவுளிக்கடை. விவசாயம் பார்க்காத குடும்பம், ஆனால் மழை பார்க்காத குடும்பம் இல்லை. திருச்சுழிப் பக்கம் மழை பெய்தால் தீபாவளிக்கு முன்பு சேலை நகரும். பெய்யாவிட்டால் அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். ஷட்டரைத் தூக்கும் முன் ஜமால் மைதீன் ஒரு தடவை தெற்கே பார்ப்பார். மகள் உள்ளூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, கல்யாணத்தோடு வேலையை விட்டார். கணவர் ரஷீத் சவுதியில், தம்மாமில் ஏ.சி. பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அவர் ஊருக்கு வந்துபோய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடியறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல். கூட்டமைப்பு வேலையை ஷர்மிளா அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறார்.

மழைமானி பார்க்க வந்தவர்களுக்குப் பயிற்சி நாளில் சொன்ன விதி ஒரு வரி. எண் மட்டும் அனுப்பவும்; மழை இல்லாவிட்டால் சைபர் அனுப்பவும்.

யார் அப்படி அனுப்புவார்கள்? ஒருவர் ‘12 மில்லி’ என்று அனுப்பினார். ஒருவர் ‘வணக்கம்மா 8’ என்றார். மல்லாங்கிணறு பக்கத்து வெள்ளத்துரை ஒரு ரோஜாப்பூ போட்டு, காலை வணக்கம் சொல்லி, அதற்குக் கீழே அளவை வைத்தார். இன்னொருவர் எண்ணே போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்து அனுப்பினார்.

விதிக்குப் பொருந்தாததையெல்லாம் திருப்பி அனுப்பினால் மறுவாரம் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள் என்று ஷர்மிளா நினைத்தார். காட்டு வேலைக்கு நடுவே போனை எடுத்து நாலு எழுத்துத் தட்டுகிறவர்களை ஒரு இயந்திரம் அதட்டக் கூடாது. நல்ல மனசு. ஆகவே அவர் எழுதிய புரோகிராம் யாரையும் தள்ளாது. மெசேஜில் எண் எந்த மூலையில் இருந்தாலும் பொறுக்கிக்கொள்ளும். எண்ணே இல்லாவிட்டால் சைபர் என்று வைத்துக்கொள்ளும். இந்த மண்ணில் முக்கால்வாசி நாள் சைபர்தானே. எண்ணை எடுத்த பிறகு வந்த மெசேஜை அழித்துவிடும். எது வந்தாலும் ஒரே பதில் போகும்: ‘பதிவு ஏற்கப்பட்டது. நன்றி.’

நான் தொழிற்சங்க ஆள்; சங்க வேலையில் தொழிலாளர் அலுவலகங்களுக்கு நிறைய அலைந்திருக்கிறேன். அங்கே இரண்டு வகை அதிகாரி உண்டு. ஒருவர் மனுவில் ஒரு வரி குறைந்தாலும் முகத்தில் எறிவார். இன்னொருவர் சிரித்தபடி வாங்கி, பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டு, கட்டுக்கு அடியில் செருகிவிடுவார். முதல் ஆளைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்து வேறு மனு எழுதிக்கொண்டு போவோம். இரண்டாவது ஆளை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்போம். ஷர்மிளாவுக்கே தெரியாமல் அவர் செய்து வைத்தது இரண்டாவது ஆளை.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே மேலப்பொட்டல் என்று ஓர் ஊர். அங்கே மழைமானி பார்ப்பவர் மாரீஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடு வளர்க்கிறார். கணவர் கருத்தப்பாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. நாலு ஏக்கர் கரிசல் சொந்தமாக இருந்தும், பார்க்க ஆளில்லாமல் வருஷக்கணக்காகக் கருவேலம் ஏறிக் கிடந்தது. போன ஆடியில் மாரீஸ்வரி இயந்திரம் விட்டு அத்தனை முள்ளையும் தூரோடு பிடுங்கினார். இருந்த கருவேலமாவது விறகுக்கு ஆகும், இப்போது வெறும் மண்ணைப் புரட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அந்த நாலு ஏக்கரில் பயிர் என்று ஒன்று நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. குதிரைவாலிக்குக் கூட்டமைப்பில் முதலில் பெயர் கொடுத்ததும் அவர்தான்.

மழை இல்லாத நாட்களில் மாரீஸ்வரி சைபர் அனுப்பியதில்லை. ‘வரும்’ என்று அனுப்பினார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் மழை உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வரும் என்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லாமல் நிறைஞ்சிருச்சு என்பது போல. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது போல. இல்லை என்ற சொல்லை மழைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

புரோகிராம் ‘வரும்’ என்பதைப் பார்த்தது. எண் இல்லை. சைபர் என்று வைத்துக்கொண்டது. பதிவு ஏற்கப்பட்டது, நன்றி என்று சொன்னது. உண்மையிலும் அன்றைக்கெல்லாம் சைபர்தான். கணக்கு சரியாக இருந்தது. தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் நின்றதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

புரட்டாசி கடைசியில் மேலப்பொட்டலில் மழை அடித்தது. சுற்று ஊர்களில் லேசாகத் தூறிவிட்டுப் போன மேகம் அந்த ஓர் ஊரில் மட்டும் விடிய விடிய நின்று கொட்டியது. காலையில் மாரீஸ்வரி போய்ப் பார்த்தால், குழாய் எண்பதையும் தாண்டி நிறைந்து வாய் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. எண்பது என்று போடலாம். ஆனால் எண்பது இல்லை, அதற்கு மேல். எவ்வளவு மேல் என்று குழாய்க்கே தெரியாது. பொய் எண் போட அவருக்கு மனமில்லை. கண்ணில் பட்டதை அப்படியே தட்டினார்: ‘குழா நெறஞ்சு வழியுது’.

பதில் வந்தது. பதிவு ஏற்கப்பட்டது. நன்றி.

புரோகிராம் எழுதிக்கொண்ட அளவு: சைபர்.

மாரீஸ்வரி அந்தப் பதிலை ஊரெல்லாம் காட்டினார். கூட்டமைப்பு ஒத்துக்கொண்டது, வண்டி வருகிறது என்று சொன்னார். சிரித்தவர்கள் உழவுக்கு டிராக்டர் சொல்லி வைத்தார்கள். வண்டி வரவில்லை. அது மல்லாங்கிணறு பக்கம் வெள்ளத்துரையின் ஊருக்குப் போயிற்று. அங்கே ஐம்பத்திரண்டு என்று காட்டியது புரோகிராம். கரிசல் மண்ணுக்கு விதைப்புப் பதம் என்று ஒன்று உண்டு. கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், விட்டால் உதிர வேண்டும். சில நாள்தான் நிற்கும். பிறகு வெடிப்பு விழும். மேலே மண் வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் மாரீஸ்வரி ஷர்மிளாவுக்குப் போன் போட்டார்.

“தாயி, வண்டி எப்ப வரும்? பதம் போகுது.”

ஷர்மிளா திரையைப் பார்த்தார். மேலப்பொட்டலுக்கு நேரே அந்த வாரம் முழுவதும் சைபர்.

“ஒங்க ஊருல மழையே இல்லைனு காட்டுதேக்கா.”

 மாரீஸ்வரி கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“ஏத்துக்கிட்டேன்னு சொன்னியே தாயி?”

ஷர்மிளாவுக்கு இன்றுவரை அந்த வாக்கியம் காதில் இருக்கிறது. வந்த மெசேஜைத் தேடினார். அழிக்கச் சொன்னதே அவர்தான், எங்கே இருக்கும்? மாரீஸ்வரி தன் போனில் இருந்ததை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மாதவனிடம் ஓடினார். மாதவன் நம்பினார், நம்பி என்ன? குதிரைவாலி விதை தீர்ந்திருந்தது. அதற்குள் அந்த மண்ணும் இறுகிவிட்டது. அந்தப் பருவம் மேலப்பொட்டலுக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு ஷர்மிளா மற்றவர்களுக்கும் போன் போட்டு, அவரவர் போனில் இருந்த மெசேஜ்களை வாங்கிப் பார்த்தார். வெள்ளத்துரை ஒரு நாள் ‘6 மணிக்கு லேசா தூத்துச்சு’ என்று எழுதியிருந்தார். புரோகிராம் அந்த ஆறைப் பொறுக்கி ஆறு மில்லிமீட்டர் என்று கூட்டியிருந்தது. கடிகாரத்து ஆறு. அதைக் கழித்தால் வெள்ளத்துரை ஊருக்கு விதை போயிருக்கவே கூடாது. வழிந்த குழாய்க்குச் சைபர், கடிகாரத்துக்கு மழை. எதையும் தள்ளாத இயந்திரத்தின் இலட்சணம் இது.

மாதவன் கத்தவில்லை. மாடியறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“ஷர்மிளாம்மா, எண்ணு இல்லாத எதையும் உள்ள விடாதீக. வாசல்லயே நிறுத்திருங்க.”

ஷர்மிளா குற்ற உணர்ச்சியில் இருந்தார். புரோகிராமை மாற்றினார். எண் மட்டும் இருந்தால் உள்ளே. பூ, வணக்கம், மில்லி, மணி, எது கூட வந்தாலும் வெளியே. பதில் போகும்: ‘தவறான பதிவு. எண் மட்டும் அனுப்பவும்.’

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அது பலருக்கு வேலை செய்தது. வெள்ளத்துரை இரண்டு நாள் முறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ரோஜாப்பூவை ஷர்மிளாவின் சொந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அளவை மட்டும் கூட்டமைப்புக்கு அனுப்பினார். கோடு இழுத்தவர் சைபர் போடப் பழகினார். கண்டிப்பாக இருந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று ஷர்மிளா பயந்தது பாதி தப்பு.

மறுபாதி மேலப்பொட்டலில் இருந்தது. மாரீஸ்வரி தினமும் ‘வரும்’ என்று அனுப்பினார். தினமும் தவறு என்று பதில் போனது. ஒரு கட்டத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பத்து நாள் அளவு வராவிட்டால் அந்த மழைமானி இயங்கவில்லை என்று புரோகிராம் சிவப்பில் குறிக்கும், குறித்தது. சிவப்பில் இருக்கிற ஊருக்கு அடுத்த பருவத்துக் கொத்தமல்லி விதையும் இல்லை. குதிரைவாலி போன பிறகு அந்த நாலு ஏக்கருக்கு மிச்சம் இருந்தது மல்லி ஒன்றுதான். கார்த்திகை முதல் வாரத்துக்குள் விதைத்தாக வேண்டும். அதற்கு மேல் போட்டால் காய் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது.

ஷர்மிளா திருச்சுழிக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து நரிக்குடி பஸ்ஸில் மேலப்பொட்டல் விலக்கில் இறங்கி நடந்தார். மாரீஸ்வரி காட்டில் இருந்தார். புரட்டிய மண் கட்டி கட்டியாக வெயிலில் கிடந்தது. ஓரத்தில் பிடுங்கிய கருவேலந்தூர் குவிந்திருந்தது. கம்பத்தில் மழைமானி சுத்தமாக இருந்தது. குழாயைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். அளவு அனுப்பாத நாட்களிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“மழை பேஞ்சிருந்தா இந்நேரம் இந்த மண்ணு ஒஞ் செருப்ப வாங்கி வச்சுருக்கும். காஞ்சுதான கெடக்கு, தைரியமா வா,” என்றார் மாரீஸ்வரி.

ஷர்மிளா மன்னிப்புக் கேட்டார். மாரீஸ்வரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டை அதட்டிக்கொண்டே கேட்டார். ஷர்மிளா விஷயத்துக்கு வந்தார்.

“ஒரு சைபரப் போட்டு விட்டா முடிஞ்சதேக்கா. போட மாட்டேன்னு ஏன் நிக்கிறீக?”

“மழையப் பாத்து எப்பிடித் தாயி இல்லைனு எழுதச் சொல்ற? அதுவும் விடிஞ்சதும் மொத வேலையா?”

“இல்லைனு இல்ல. வெறும் எண்ணுதான்.”

“எல்லாருக்கும் எண்ணு. எனக்கு அது இல்லைதான். ஒங்க வீட்டுல அரிசி தீந்தா என்னனு சொல்லுவீக?”

“நெறஞ்சிருச்சும்போம்.”

“பெறகென்ன,” என்றார் மாரீஸ்வரி. பிறகு குறும்பாகப் பார்த்தார். “ஒம் மாப்பிள்ள எப்ப வாராகனு யாராச்சும் கேட்டா, சைபர்னா சொல்லுவ?”

ஷர்மிளா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எப்ப வாரீக மச்சான் என்று அவர் கேட்கிறார். வாரேன் என்று ரஷீத் சொல்கிறார். தேதி இல்லை, மாதம் இல்லை. ஒப்பந்தத்தை மறுபடி நீட்டியிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வார்த்தையை ஷர்மிளா ஒருநாளும் தவறான பதிவு என்று திருப்பி அனுப்பியதில்லை. சைபர் என்றும் எழுதிக்கொண்டதில்லை. வந்தபடியே வைத்திருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் யோசித்ததை என்னிடம் இப்படிச் சொன்னார். வந்ததைப் புரிந்துகொண்டால் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘12 மில்லி’ என்றால் பன்னிரண்டு; அதில் அதட்ட ஒன்றுமில்லை. புரியாவிட்டால் புரிந்த மாதிரி நடிக்கக் கூடாது. முகத்தில் எறியவும் கூடாது. வந்த வார்த்தையை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, அனுப்பியவரையே கேட்க வேண்டும். கேட்டு முடிக்கும் வரை அந்த இடம் சைபரும் இல்லை, எண்ணும் இல்லை. காலியாக, கண்ணில் உறுத்துகிற மாதிரி, மஞ்சளாக நிற்க வேண்டும்.

மேலப்பொட்டலுக்கு மட்டும் இன்னொன்று சேர்த்தார். கிளம்பும்போதே மாரீஸ்வரியிடம் கேட்டிருந்தார், வரும் என்று நீங்கள் அனுப்பினால் அன்றைக்கு மழை அளவில்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாமா என்று. நீ என்னத்தையும் எடுத்துக்க, நான் எழுத மாட்டேன் என்று பதில். அது போதும். முன்பு இயந்திரம் தானாக ஊகித்தது. இப்போது இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்டது. திரையில் வருகிற எழுத்து ஒன்றாகவே இருக்கலாம். ஒரு தரப்பு எடுக்கும் முடிவுக்கும் இரு தரப்பு ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் சங்கத்துக்கும் லாயக்கில்லை, கம்ப்யூட்டருக்கும் லாயக்கில்லை.

மாதவன் லேசில் விடவில்லை.

“ஆளுக்கு ஒரு சட்டம் போட்டா நாளைக்கு வெள்ளத்துரை ரோஜாப்பூவுக்கு ஒரு அளவு கேப்பான். போன வருஷம் வெதை போனது இப்படித்தான, பாவம் பாத்து பாவம் பாத்து.”

“பாவம் பாக்கச் சொல்லல சார். ஐம்பதுல ஒண்ணு கொறைஞ்சாலும் குடுக்க வேணாம். ஆனா தெரியாதத இல்லைனு எழுத வேணாம்.”

“அப்ப தெரியாதப்ப என்ன செய்ய?”

“நான் போன் போடுறேன். நானே கேக்குறேன்.”

 தினமும் மஞ்சளில் எத்தனை வரும் என்று மாதவன் கேட்டார். முதலில் நிறைய வரும், போகப் போகக் குறையும் என்றார் ஷர்மிளா. போன் போடுகிற வேலை உங்கள் தலையில், எனக்கு ஆள் கொடுக்க முடியாது என்றார் மாதவன். அவர் சொன்ன சம்மதம் அவ்வளவுதான். மேலப்பொட்டலின் சிவப்பு மாறியது.

பிறகு காத்திருப்பு.

ஐப்பசியில் மிச்சமிருந்த நாளெல்லாம் மேகம் வந்தது, போனது. ஷர்மிளா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது திரையில் அந்த ஒரு வரியை. மேலப்பொட்டல்: வரும். மறுநாள் பார்ப்பார். வரும். அருப்புக்கோட்டையில் வாசல் நனைகிற அளவுக்கு ஒரு நாள் பெய்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். வரும். அதுவரை எண்களைக் கூட்டுகிற வேலையாக இருந்தது இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. துணி காயப்போடப் போகிற சாக்கில் மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்ப்பார். அந்த நாலு ஏக்கரின் மண்கட்டிகள் கண்ணுக்குள் வந்து நிற்கும். மல்லிச் செடி எப்படியிருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சந்தையில் கட்டாக வருகிற கொத்தமல்லிதான் தெரியும். ஒரு காடு முழுக்க அது வெள்ளையாகப் பூத்து நின்றால் எப்படியிருக்கும் என்று மாரீஸ்வரியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அளவு புரிந்த நாட்களிலும் போன் போட ஆரம்பித்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரஷீத் வீடியோவில் வந்தார். ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து, அங்கே மழையா என்று கேட்டார்.

“வரும் மச்சான்,” என்றார் ஷர்மிளா.

கார்த்திகை பிறந்தது. கூட்டமைப்பில் மல்லி விதை ஒரே ஒரு லோடு மிச்சம்; இரண்டு ஊர் ஐம்பதைத் தாண்டினால் அதிகம் பெய்த ஊருக்குத்தான் அது. வெள்ளத்துரை ஊருக்கு அந்த வாரத்து மழை ஐம்பத்தைந்தைத் தொட்டிருந்தது, இந்தத் தடவை கடிகாரம் கலக்காத மழை. மாதவன் வண்டியில் மூட்டையை ஏற்றி மறுநாள் அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு நாலு நாளில் விதைப்புக் காலம் முடிகிறது.

வண்டி கிளம்ப வேண்டிய காலையில், விடிந்தும் விடியாத நேரம், மேலப்பொட்டலில் இருந்து மெசேஜ் வந்தது: ‘கொட்டுது தாயி. கரண்டு இல்ல. குழாகிட்ட போக முடியல’.

அதில் எண் இல்லை. புரோகிராம் அதை அழிக்கவில்லை. மேலப்பொட்டல் வரிசை மஞ்சளாயிற்று. அங்கே போன பதில்: ‘உங்கள் செய்தி வந்தது. அளவு தெரியவில்லை. நாங்கள் கூப்பிடுகிறோம்.’

ஷர்மிளா கூப்பிட்டார். போகவில்லை. டவர் விழுந்திருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டார். எட்டரை ஆனது. தெற்கு ஜன்னலில் வானம் கருப்பாக இருந்தது, ஆனால் அருப்புக்கோட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. அந்தக் கருப்புக்குக் கீழே எவ்வளவு விழுந்திருக்கும் என்று இங்கிருந்து யார் சொல்ல முடியும்? மாதவன் போனில் வந்தார். டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான், மேலப்பொட்டல் அளவு என்ன என்று கேட்டார்.

“இன்னும் தெரியல சார்.”

“தெரியலைன்னா நான் என்னம்மா செய்ய?”

“தெரியலைனுதான் சார் சொல்றேன். இல்லைனு சொல்லல.”

போனில் லாரி என்ஜின் உறுமுவது கேட்டது. பிறகு நின்றது.

“மதியம் வரைக்கும் பாப்போம்,” என்றார் மாதவன்.

ஷர்மிளா சமையலை விட்டார். கடையில் இருந்து ஜமால் மைதீன் சாப்பாட்டுக்கு வந்து, மகள் இருந்த இருப்பைப் பார்த்து, பானையில் இருந்ததைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தெருவில் இறங்கி ஒரு தடவை தெற்கே பார்த்துவிட்டுப் போனார். ஷர்மிளா போனைக் கையிலேயே வைத்திருந்தார். கூப்பிட்டால் போகவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. மாரீஸ்வரி அந்த மழையில் நனைந்துகொண்டு குழாய்க்குப் பக்கத்தில் போயிருப்பாரா, கம்பம் நிற்கிறதா, ஆடுகளை எங்கே கட்டியிருப்பார் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரை ஒரு தடவை மினுங்கியது. மேலப்பொட்டல் வரிசையில் மஞ்சள் போயிற்று. வணக்கம் இல்லை, தாயி இல்லை. முதல் தடவையாக மாரீஸ்வரி எண் மட்டும் அனுப்பியிருந்தார்.

அறுபத்து நான்கு.